படிக்காசும் வாசியும்

உழைப்பவனுக்குக் கொடுக்கற்பாலது கூலி. உழைக்கமாட்டாதவனுக்குக் கொடுக்கற்பாலது உதவி. முன்னையதைக் கடன் என்றும் பின்னையதைத் தருமம் என்றும் உலகத்தார் பிரித்துப் பேசுவர். கடன் கொடாதவன் பழிக்கப்படுவான். தருமஞ் செய்யாதவன் பழிக்கப்படான். கடனிற் குறை வைத்தால் வழக்குண்டு; தருமத்திற் குறை வைத்தால் வழக்கில்லை. இவ்வாறு பிரித்தபின், கூலியை இயன்றமட்டிற் சுருக்கலாம், உதவியை வேண்டியபோது நிறுத்தலாம் என்னும் எண்ணம் எளிதிற் பிறக்கின்றது. இவ்வெண்ணம் அறத்தோடு ஒக்குமோ, சிறப்பாகச் சைவசமயிகளாகிய நம் நெறியோடு ஒக்குமோ என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

இதனை ஆசிரிய அன்பர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாட்டில் நிகழும் பொருள் வாதங்களின் முடிவு முதன்முதல் எழுதப்படும் ஏடு வகுப்பறையின் வரவுப் பதிவேடாகும். வேளாண்மை வேலை இல்லாத கிழமைகளில் எப்பிள்ளை வரவில்லை, கொடுப்பனவு நின்ற மாதத்தில் எப்பிள்ளை வெறுவயிற்றோடு வந்து பத்து மணிக்கு மேசையில் தலைசாய்த்தது என்பன, பிரதேச செயலகத்துக்குத் தெரியுமுன் நமக்குத் தெரிகின்றன. அறிந்தவன் ஆராயாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

முதற்கண் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். இலங்கையில் கூலிக்குக் கீழெல்லை வகுக்கும் முயற்சி புதியதன்று. 1927ஆம் ஆண்டில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு கட்டளைச் சட்டமும், 1941ஆம் ஆண்டில் தொழில்தோறும் சம்பளச் சபை அமைக்கும் கட்டளைச் சட்டமும் பிறந்தன. தொழில் பலவற்றுக்கும் பொதுவான எல்லையோ 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தாலேயே வந்தது. அது மாதம் 10,000 ரூபா, நாள் ஒன்றுக்கு 400 ரூபா என விதித்தது. 2021இல் அவை 12,500 ரூபாவும் 500 ரூபாவும் ஆயின. 2024இல் 17,500 ரூபாவும் 700 ரூபாவும் ஆயின. 2025 ஏப்பிரல் முதல் மாத எல்லை 27,000 ரூபா என்றும், 2026 சனவரி முதல் 30,000 ரூபா என்றும் சட்டம் திருத்தப்பட்டது.

உதவியின் வரலாறு இதனினும் நீண்டது. 1942இல் போர்க்காலத்திற் தொடங்கிய அரிசிப் பங்கீடு மக்கள் வாழ்வோடு கலந்துவிட்டது. 1953இல் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்தினின்றும் 70 சதமாக உயர்த்தியபோது, ஓகத்து 12இல் நாடெங்கும் அர்த்தால் எழுந்தது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1989இல் சனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 யூலையில் அஸ்வெசும என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இறுதியிற் கூறியது, 2022இல் நாடு கடன்பட்டு நொடித்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி பெற்றபோது ஏற்ற நிபந்தனைகளோடு வந்தது. குடும்பங்கள் நான்கு வகையாக வகுக்கப்பட்டு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என உதவி விதிக்கப்பட்டது. முதலிரு வகையார்க்கு உதவி முடியும் நாளும் உடன் குறிக்கப்பட்டது. 2025இல் பின்னிரு வகையாரின் தொகை 10,000, 17,500 ரூபாவாக உயர்ந்தது.

இவற்றைப் பற்றி எழும் மறுப்புக்கள் இரண்டு. கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் முதலாளி ஆளைக் குறைப்பான். ஆதலின் ஏழைக்கு இழைக்கும் நன்மை தீமையாய் முடியும் என்பது ஒன்று. உதவி கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவர். ஆதலின் அதனைக் குறைத்தலே அவர்க்குச் செய்யும் நன்மை என்பது மற்றொன்று. முன்னையது உழைப்பவனை நோக்கி, “நீ அதிகங் கேளாதே” என்கின்றது. பின்னையது உழைக்கமாட்டாதவனை நோக்கி, “நீ கேட்கவே கேளாதே” என்கின்றது. இவற்றைக் கூறுவோர் எல்லாரும் கொடியரல்லர். வரவுக்கு மேற் செலவிட்ட நாடு நொடித்ததை யாவரும் கண்டனர். ஆதலின் இம்மறுப்புக்கள் எள்ளி விடற்பாலன அல்ல, ஆராய்ந்து விடையிறுக்கற்பாலன.

இனி, நம் சமய வரலாற்றுட் புகுந்து நோக்குவாம். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த செய்தியைப் பெரியபுராணத்தில் யாவரும் கற்பித்திருக்கின்றோம். அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்தது, அடியார்கள் பசித்தனர். வீழிநாதர் நாடோறும் இருவர்க்கும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தின்மீது வைத்தருளினார். அதுவே படிக்காசு. அதனைக் கொண்டு இருவர் திருமடங்களிலும் வந்தவர்க்கெல்லாம் அமுது படைக்கப்பட்டது. ஆயினும் அப்பரின் மடத்தில் அமுது காலத்தோடு ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் நேரந் தாழ்ந்தது. ஏனென வினாவிய பிள்ளையார்க்கு அடியார்கள் காரணங் கூறினர்: அப்பர்க்குக் கிடைத்த காசு வாசியில்லாதது, பிள்ளையார்க்குக் கிடைத்த காசுக்கு வாசி உண்டு. கடைக்காரர் அக்காசுக்குக் கழிவு கேட்டமையின், பண்டம் வாங்குதற்குக் காலம் சென்றது. அப்பர் உழவாரம் ஏந்திக் கையாற் பணி செய்தார். அதனால் அவர் காசு குறைவற்றது என்பது புராணங் கூறும் காரணம். சம்பந்தர் வாசி தீர்க்கும்படி பாடி வேண்டினார்; மறுநாள் முதல் அவர் காசும் குறைவற்றதாயிற்று.

இக்கதையைப் பத்தியின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் செல்லுதல் நம் வழக்கம். அஃது ஒக்கும், ஆயினும் பொருளறம் ஒன்றும் இதனுட் கிடக்கின்றது. கையால் உழைத்தவர்க்கு முதற்கண் குறைவற்ற காசு கிடைத்தது. “நீ செய்வது தொண்டன்றோ, தொண்டுக்குக் காசு ஏன்?” என்று இறைவன் கேட்டிலர். இது கூலியின் அறம். உழவாரம் ஏந்தாத பிள்ளைக்கும் காசு மறுக்கப்பட்டிலது. அவர் வாயிலிலும் பசித்தவர் நின்றனர். இஃது உதவியின் அறம். கொடுத்த காசிற் குறை இருந்தபோது, “கொடுத்ததைப் பெற்றுக்கொள்” என்று கூறாது, கேட்டவுடன் அக்குறை தீர்க்கப்பட்டது. இவ்விரண்டினும் ஒருங்கு நிற்கும் அறம் இது. ஆகவே யாம் துணியும் பொருள் ஒன்றே: கூலியும் கடன், உதவியும் கடன், இரண்டினும் வாசி பிடித்தல் அறமன்று.

வாசி என்பது காசின் பெயர் மாறாமல் அதன் வலி குறைதல். விலைவாசி என்னும் வழக்குச் சொல்லிலும் அச்சொல் ஒளிந்திருத்தல் காண்க. 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி முந்திய ஆண்டினும் விலைகள் நூற்றுக்கு 69.8 வீதமும், உணவுப் பொருள் விலை 94.9 வீதமும் ஏறின. 2021இல் விதித்த 12,500 ரூபா 2024 வரை எழுத்தளவில் அவ்வாறே நின்றது. அதனால் வாங்கும் அரிசியும் பருப்பும் ஏறக்குறையப் பாதியாயின. சட்டத்தை எவரும் மீறவில்லை, கூலியை எவரும் வெட்டவில்லை, ஆயினும் வெட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர் நாள் ஒன்றுக்கு 1,000 ரூபா வேண்டிப் பல ஆண்டு கூக்குரலிட்டு 2021இல் அதனைப் பெற்றனர். பெற்ற மறுவாண்டே விலையேற்றம் அதனை விழுங்கிற்று. உதவியிலும் இவ்வாறே. 1979இல் உணவு முத்திரையின் மதிப்பு ரூபாவில் நிலையாகக் குறிக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் அதன் வாங்கும் வலி ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்தது. 1953இல் விலையை வெளிப்படையாக உயர்த்திய அரசாங்கம் மக்கள் சினத்துக்கு ஆளாயிற்று. 1979க்குப் பின் முத்திரை தேய்ந்தபோது அத்தகைய எழுச்சி ஒன்றும் நிகழ்ந்திலது. வெளிப்படையாகப் பறித்தால் எதிர்ப்பு எழும்; வாசியாற் பறித்தால் எழாது. ஆதலின் வாசி, பறித்தலின் ஒலியில்லா வடிவமாகும்.

எம்மூர்ப் பழைய வழக்கு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. மாவடிப்பள்ளிக்குக் கிழக்கே காரைதீவு, மேற்கே சம்மாந்துறை, எங்கும் வயல். இவ்வயல்களில் சைவரும் இசுலாமியரும் ஒருவர் நிலத்தில் ஒருவர் வேலை செய்தல் தொன்றுதொட்ட வழக்கு. முன்னாளிற் போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையே கணக்கு, களத்தில் நெல்லாகவே தீர்ந்தது. அம்முறையிற் கொடுமைகள் பல இருந்தன. விதைக்கும் உணவுக்கும் பட்ட கடன் முல்லைக்காரனை அடுத்த போகத்துக்கும் கட்டிப்போட்டது. ஆயினும் நெல்லாற் பெற்ற கூலிக்கு வாசி இல்லை. ரூபா எவ்வாறாயினும் ஒரு மரைக்கால் நெல் ஒரு மரைக்கால் நெல்லே. காசுக்கூலி மனிதனைப் போடியாரின் பிடியினின்றும் விடுவித்தது. அக்காலத்திலேயே அவனை விலைவாசியின் பிடியில் விட்டது. விடுதலையை வைத்துக்கொண்டு வாசியை நீக்குதலே இக்காலத்தார் செய்யவேண்டுவது.

இனி, கூலி உயர்ந்தால் வேலை போம் என்னும் மறுப்பை ஆராய்வாம். 1907இல் அவுத்திரேலியாவில் அறுவடை இயந்திரஞ் செய்யும் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய வழக்கு இகின்சு என்னும் நீதிபதியின் முன் வந்தது. முதலாளியால் எவ்வளவு கொடுக்கலாகும் என்று தொடங்காது, நாகரிக சமூகத்தில் வாழும் ஒரு மனிதனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் எளிமையாக வாழ எவ்வளவு வேண்டும் என்று அவர் தொடங்கினார்; நாள் ஒன்றுக்கு 7 சிலிங்கு என முடிவு செய்தார். கேள்வியை மாற்றியமையே அவர் செய்த பெருஞ்செயல். வேலை போம் என்னும் அச்சத்தைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. 1992இல் நியூ யேர்சி மாகாணம் மணிக்கூலியை 4.25 தொலரினின்றும் 5.05 தொலராக உயர்த்தியது. அயலாகிய பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு மாகாணத்து உணவுக்கடைகளையும் ஒப்புநோக்கிய காட்டு, குரூகர் என்னும் அறிஞர், வேலை குறைந்ததாகக் காணவில்லை என 1994இல் வெளியிட்டனர். இதனை மறுத்தெழுதினாரும் உளர். ஆயினும், கூலி ஏறினால் வேலை குறைந்தே தீரும் என்பது இயற்கை விதி போன்றதன்று என்பது விளங்கிற்று. காட்டு 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் நம் வயலில் வழக்கு வேறுபடும் என்பதை மறைத்தல் நேர்மையன்று. கடைக்காரனும் தொழிற்சாலைக்காரனும் கொடுக்கக்கூடிய கூலியை இரண்டு ஏக்கர் செய்யும் கமக்காரன் எளிதிற் கொடுக்கமாட்டான். 2021இல் இரசாயனப் பசளை தடுக்கப்பட்டபோது அவன் விளைவு குன்றிற்று; 2025 பெப்புருவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா விலை குறித்தது. விதை, பசளை, உழவு, அறுப்புச் செலவு போக அவன் கையில் நிற்பது சிறிது. அன்றியும், முன்னே கூட்டமாகச் சென்று அறுத்த இடத்தில் இப்பொழுது இயந்திரம் அறுத்து, அடித்து, தூற்றி மூடையாக்கிவிடுகின்றது. நாட்கூலி உயர்ந்தும் நாள் குறைந்தது. ஆண்டில் சில கிழமைகளே வேலை உள்ளவனுக்கு நாளெல்லை மட்டும் போதாது. ஆகவே கூலிச்சட்டம் எட்டாத இடம் உண்டு. அவ்விடத்தை நிரப்புதற்கே பொது உதவி வேண்டும். இதனால், கூலியை உயர்த்திவிட்டோம், இனி உதவி எதற்கு என்பாரின் கூற்று நிலைபெறாது.

மறுதலையாக, உதவி உண்டே, கூலியெல்லை எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு விடை இங்கிலாந்தின் வரலாற்றில் உண்டு. 1795இல் பார்க்சயர்க் கோட்டத்து நீதவான்கள் ஸ்பீனம்லாந்து என்னும் இடத்திற் கூடி, அப்பத்தின் விலைக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்ப, உழவனின் கூலி குறைந்தால் அக்குறையை ஊர்ப்பொதுப் பணத்தால் நிரப்புக என்றனர். நோக்கம் நன்று. ஆனால் கூலிக்குக் கீழெல்லை இல்லாமையின், பொதுப்பணம் நிரப்பும் என்றறிந்த பண்ணைக்காரர் கூலியை உயர்த்தாது விடுதற்கு அஃது இடங்கொடுத்தது. ஏழைக்கு என்று கொடுத்த பணம் ஒருபகுதி முதலாளிக்குச் சென்றது. பழி முழுதும் ஏழைக்கு வந்தது. 1834இல் புதிய வறியோர் சட்டம் அவனைச் சோம்பேறி எனக் கொண்டு, வெளியிலுள்ள மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையினும் தாழ்ந்த நிலையில் வேலைவீட்டில் அடைத்தது. பழைய முறையைப் பழித்த அக்கால அறிக்கையைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் பெரிதும் மறுத்துளர். நாம் கொள்ளும் பாடம் இது: கூலியெல்லையின்றி நிற்கும் உதவி முதலாளியைத் தாங்கும், உதவியின்றி நிற்கும் கூலியெல்லை முடவனையும் முதியவளையும் கைவிடும். இரண்டும் ஒரு வண்டியின் இரு சில்லுகள்.

இனி, உதவி சோம்பலை வளர்க்கும் என்பதை எண்ணாற் சோதிப்பாம். மிக வறியோர் எனக் குறிக்கப்பட்ட நால்வர் குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா. அதனை முப்பது நாளுக்கும் நான்கு வயிற்றுக்கும் பங்கிட்டால் ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு 146 ரூபா வரும். அடுத்த வகையார்க்கு 10,000 ரூபா. ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு 83 ரூபா. குடிசன மதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், ஒருவர் உயிர்வாழ்தற்கு மாதம் இன்றியமையாததாக 2025இற் கணித்த தொகை 16,000 ரூபாவுக்கு மேல். 83 ரூபாவைப் பெற்றுச் சோம்பியிருப்பவன் ஒருவன் உளனாயின், அவன் யோகியாதல் வேண்டும். 30,000 ரூபாக் கூலியும் அக்கணக்கின்படி இரண்டு உயிர்க்கும் நிரம்பப் போதாது. பொய் கூறி உதவி பெறுவோர் உளர் என்பது மெய்யே. களத்திற் பதரும் உண்டு; அதற்காகக் களத்துக்குத் தீ வைப்பாரில்லை, தூற்றிப் பிரிப்பர்.

தூற்றும் முறையிலும் அறம் உண்டு. சமுர்த்திக் காலத்தில் கட்சிச் சார்பு பார்த்துப் பெயர் சேர்த்தார்கள் என்னும் குறை நாடெங்கும் பேசப்பட்டது. அதனை நீக்கக் கல்வி, உடல்நலம், பொருள்நிலை, உடைமை, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு வகையில் 22 குறிகளால் அளந்து சேர்த்தல் கொள்கையளவிற் பிழையன்று. ஆயினும் 2023இல் பெயர்ப் பட்டியல் வெளிவந்தபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. குறிகள் வீட்டைக் காணும், அடுப்பைக் காணா. 2004 திசெம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின் இக்கரையோரத்திற் பலர்க்குப் பிறர் கல்வீடு கட்டிக் கொடுத்தனர். அத்தகைய வீட்டில் விதவை ஒருத்தி இருப்பாளாயின், சுவரை எண்ணும் கணக்கு அவளைச் செல்வியாக்கிவிடும். சுவரை உண்ண முடியாது.

இங்கே வந்தியின் கதை நினைவுக்கு வருகின்றது. வையை பெருகியபோது பாண்டியன் வீட்டுக்கொரு பங்கு கரை வகுத்தான். பிட்டு விற்று வாழ்ந்த, மக்களில்லா முதியவள் வந்திக்கும் பங்கு விழுந்தது. கடமை வகுக்கும் ஏட்டில் அவள் பெயர் விடுபடவில்லை. உதவி வகுக்கும் ஏடு ஒன்று இருந்திருப்பின், அதில் அவள் பெயர் இருந்திருக்குமோ என்று வினாவுதல் தகும். இக்காலத்தும் அத்தகைய கரைப்பங்கு உண்டு. 2022இன் தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் 18 ஆயிற்று. சவர்க்காரம் வாங்கும் ஏழையும் அதனைச் செலுத்துகின்றாள். எந்தக் குறியாலும் அவள் அதனின்று விடுபடாள். கொடுக்கும் ஏட்டில் இருப்பவளைப் பெறும் ஏட்டில் இல்லாது செய்தல் நீதியன்று. அவள் பெறுவது பிறர் தருமமும் அன்று. தான் சுமந்த மண்ணுக்குரிய பிட்டு.

“வறுமை அவரவர் பழவினைப் பயன்; அதிற் பிறர் தலையிடல் எதற்கு?” என்று நம்மவருள்ளே சிலர் வினாவுவர். சித்தாந்தத்தைப் பாதி கற்றதனால் வரும் கேள்வி இது. நுகரப்படும் பிராரத்தம் ஒருவர்க்கு எவ்வளவு என்பதை அறிபவன் இறைவன் ஒருவனே, அயலான் அல்லன். நமக்கு அறியக் கிடப்பது, நாம் இப்பொழுது செய்யும் ஆகாமியம். பசித்தவன்முன் கை மூடுதல் அவன் வினையைக் கழிப்பதன்று. நம் வினையைப் பெருக்குவது. வந்தியின் வறுமையும் பழவினையே. இறைவன் அதனை எடுத்துரைத்து நின்றிலர். கூடையும் மண்வெட்டியும் கொண்டு கூலியாளாய் வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றார். அவர்மீது விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் எல்லா உயிர் முதுகிலும் பட்டது. கூலியாள்மீது விழும் அடி அவனோடு நில்லாது என்பதற்கு இதனினும் தெளிந்த உபதேசம் வேண்டுமோ?

அயற் சமயத்தாரும் இதனை உணர்ந்துளர். மிசனரிமார் நிறுவிய பாடசாலையிற் பயின்ற காலத்தில் யாம் கற்ற கதை ஒன்று: திராட்சைத் தோட்டத்துக்கு விடியலில் வந்தவர்க்கும் பொழுது சாயும்போது வந்தவர்க்கும் உடையவன் ஒரே நாட்கூலி கொடுத்தான். முந்தியோர் முறையிட்டனர். பிந்தியோர் நாள் முழுதும் சந்தையில் நின்றது சோம்பலாலன்று, அவரை அமர்த்துவாரின்மையால். வேலை குறைந்தாலும் வயிறு குறையாது என்பதை அக்கதை கூறும். எம் அயலவராகிய இசுலாமியர்க்குச் சகாத்து ஐந்து கடமைகளுள் ஒன்று. மழையால் விளைந்த பயிரிற் பத்திலொன்றும், செலவிட்டு நீரிறைத்து விளைத்த பயிரில் இருபதிலொன்றும் வறியோர் முதலியோர்க்கு உரியன. அது வறியவனின் உரிமை என்பதே அவர்தம் கொள்கை, கொடுப்போன் அருளன்று. சூடடித்த களத்தில், நெல் வீடு செல்லுமுன், பங்கு பிரிக்கும் வழக்கம் கண்டு கற்கற்பாலது.

பிறரைப் பற்றிக் கூறியது போதும். நம் முற்றத்துக்கு வருவாம். 2021 யூலை முதல் ஒற்றோபர் வரை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை நீக்கும்படி கோரி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினர். அக்கோரிக்கை நியாயமானது, பட்ட வாசியை நீக்குக என்பதே அது. ஆனால் நம் வீட்டிற் பாத்திரம் கழுவும் பெண்ணின் சம்பளம் 2021க்குப் பின் எத்தனைமுறை உயர்ந்தது? 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் வரைவிலக்கணத்துட் சேர்த்திலது. சட்டம் விட்ட இடத்தில் அறமும் விட்டுவிடலாமோ? நம் ஆலயங்களில் வீதி கூட்டுவோர், மடைப்பள்ளியில் விறகு பிளப்போர், தேங்காய் துருவுவோர் பெறுவது என்ன? “அது தொண்டு” என்று கூறித் தப்புவோர், வீழிமிழலையில் உழவாரத் தொண்டர்க்குக் கிடைத்ததே வாசியற்ற காசு என்பதை மறந்தனர். தானே விரும்பிச் செய்வது தொண்டு. வேறு வழியின்றிச் செய்பவனின் வேலையைத் தொண்டென்று நாம் பெயரிடுதல் களவு. திருவிழாவில் வாணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் தருமகர்த்தாக்கள், அலகிடுவோனுக்கு நாட்டின் ஆகக்குறைந்த கூலியேனும் கொடுக்கின்றோமா என்று கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தல் நன்று. முன்பள்ளி ஆசிரியைகளும் சிறு கொடுப்பனவோடு காலந்தள்ளுகின்றனர். அவர் வளர்த்து விடும் பிள்ளைகளே நம் முதலாம் வகுப்பில் வந்து அமர்கின்றனர்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை நாம் வசனநடைக்கும் வித்தியாசாலைக்கும் நினைக்கின்றோம். அவரும் மிசனரிமார் பாடசாலையிற் கற்றுக் கற்பித்தவரே. 1877இல் யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் நோயும் பரவியபோது அவர் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார். கஞ்சி ஊற்றியதோடு நில்லாது, அதிகாரிகள் குடிகளின் துயரை அலட்சியஞ் செய்ததைக் கண்டித்தும் எழுதினார். ஒரு கையில் அகப்பை. ஒரு கையில் எழுதுகோல். அகப்பை மட்டும் பிடிப்பவன் பசியின் காரணத்தைத் தொடான். எழுதுகோல் மட்டும் பிடிப்பவன் இன்றைய பசியைத் தொடான். சைவாசிரியர்க்கு அவர் காட்டிய வழி இது.

ஆகவே வேண்டுவன சில கூறி முடிப்பாம். கூலியெல்லையும் உதவித்தொகையும் விலையேற்றத்தோடு ஆண்டுதோறும் தாமே ஏறும்படி விதிக்கப்படல் வேண்டும். ஏழை ஒவ்வொருமுறையும் வீதிக்கு வந்து வாசி தீர்க்கும்படி வேண்டலாகாது. உதவி முடியும் நாளை நாட்காட்டி குறித்தல் கூடாது. குடும்பத்தின் நிலை குறித்தல் வேண்டும். வேலை வந்து கூலி நிலைத்தபின் உதவி விலகுக, அதற்குமுன் விலகற்க. பட்டியலில் விடுபட்டவர்க்கு முறையிடும் வழி எளிதாதல் வேண்டும். இப்பகுதியில் ஆசிரியர் செய்யத்தக்கது பெரிது. எழுதத்தெரியாத தாய்க்கு மேன்முறையீட்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தலும், கிராம உத்தியோகத்தரிடம் மெய்நிலையை எடுத்துரைத்தலும், ஒரு மாலைப்பொழுதின் வேலை. அப்பிள்ளை சைவப்பிள்ளையோ இசுலாமியப் பிள்ளையோ என்று பார்த்தற்க, பசிக்கு மதமில்லை. சட்டம் திருந்துமுன் திருந்தக்கூடியவை நம் வீட்டுச் சம்பளமும் நம் ஆலயக் கணக்கும் ஆதலின், அவற்றை முதற்கண் திருத்துக.

கொடுப்பதிற் குறை வைத்து அதற்குத் தருமம் என்று பெயரிடல் எளிது. கொடுக்கவேண்டியதை முழுமையாகவும் காலத்தோடும் கொடுத்து, அதனைக் கடன் என்று மட்டுஞ் சொல்லி அமைதல் அரிது. அவ்வரிய நெறியில் நாமும் நின்று நம் மாணாக்கரையும் நிறுத்துவோமாக. மிழலையில் வாசி தீர்த்தருளிய பெருமான் நம் கையாலும் அதனைத் தீர்ப்பித்தருளுக.